மரக்கிணற்றுத் தவளை



தலைப்பைச் சொன்னதும் மன்றத்துச் செயலாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "சார், தவளையைப் பற்றியா? ஒரு மணி நேரமா?" போன மாதம் இதே மேடையில் சிலப்பதிகாரம் முழங்கியது. அதற்கு முந்தைய மாதம் பட்டிமன்றம். இந்த மாதம் தவளை. அவருக்கு வந்த கவலை நியாயமானதுதான். நான் சொன்னேன்: "ஐயா, முப்பது வருஷம் இந்த அந்தமான் தீவில் உயிரியல் வாத்தியாராக இருந்தவன் நான். எனக்குக் கண்ணகியைத் தெரிந்த அளவுக்குத் தவளையையும் தெரியும். தவளைக்காகப் பேச வேறு ஆள் வரப்போவதில்லை."

ஆகவே, இன்று தவளைக்காகப் பேசுகிறேன்.

நம்மில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் என்ன சொல்கிறோம்? கிணற்றுத் தவளை என்கிறோம். உலகம் தெரியாதவன், குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுபவன் என்று பொருள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவனை என்ன சொல்கிறோம்? தவளை தன் வாயால் கெட்டது என்கிறோம். வசைக்கென்றே நாம் தவளையை வைத்திருக்கிறோம். ஆனால் நம் முன்னோர் அப்படி இல்லை. குறுந்தொகையில் ஒரு புலவர், குறுகிய வாயுடைய மலைச்சுனையைக் கள் நிரம்பிய கலத்துக்கு ஒப்பிடுகிறார். அதனுள் இருந்து கத்தும் தேரையின் குரலைத் தட்டைப்பறையின் ஓசைக்கு ஒப்பிடுகிறார். குறுகிய வாய், உள்ளே தண்ணீர், அதற்குள் ஒரு தேரை. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவில் இதைத் திருப்பிக் கேட்பேன்.

என் சட்டைப்பையில் இருப்பது பழைய இருபது ரூபாய்த் தாள். சிவப்பாக இருக்குமே, அது. முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பின்பக்கம் பாருங்கள். தென்னை மரங்கள், கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அது எந்த இடம்? நமக்குத் தெரியும். எதிர்க்கரையில் மவுண்ட் ஹாரியட் மலை மேலே நின்று நார்த் பே பக்கம் பார்த்தால் தெரியும் காட்சி. இந்தியா முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் அந்த மலையின் பார்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காய்கறி வாங்கினார்கள். மலையின் மேல் நின்று தூரத்தைப் பார்த்தார்கள். தாளிலும் அதைத்தான் அச்சடித்தார்கள். காலடியில், ஈர இலைச் சருகுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். இந்திரநீல் தாஸ். ஊர்வனவும் இருவாழ்விகளும் அவருடைய துறை. 1998இல் அவர் ஒரு புதிய தவளையை உலகுக்கு அறிவித்தார். கிடைத்த இடம் அதே மவுண்ட் ஹாரியட். அந்தக் கட்டுரை அச்சான இதழ் எது தெரியுமா? ஹமத்ரியாட். நம் மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கிறதே முதலைப் பண்ணை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நீங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த இடம், அந்த மெட்ராஸ் முதலைப் பண்ணை அறக்கட்டளை வெளியிட்ட இதழ்! ஆக, நம் தீவின் தவளைக்கு தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் பெயர்சூட்டு விழா நடந்திருக்கிறது. என்ன பெயர் வைத்தார்? சார்லஸ் டார்வினின் பெயரை வைத்தார். ரானா சார்லஸ்டார்வினி.

அன்றிலிருந்து அதன் முதற்பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. ரானா என்றார்கள், இங்கெரானா என்றார்கள், இன்று மினெர்வார்யா என்கிறார்கள். தவளையைக் குறை சொல்ல முடியாது. மவுண்ட் ஹாரியட் 2021இல் மவுண்ட் மணிப்பூர் ஆனது. 1891 போருக்குப் பிறகு மணிப்பூர் மன்னரையும் அவர் ஆட்களையும் அங்கே அடைத்து வைத்ததன் நினைவாக அந்தப் பெயர். நம் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. இந்தத் தீவில் யாருடைய பெயர்தான் நிலைத்தது? டார்வின் பெயர் மட்டும் அந்தத் தவளையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இங்கே ஒரு கேள்வி. டார்வின் அந்தமானுக்கு வந்தாரா? வரவில்லை. பீகிள் கப்பல் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றியது; நம் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. அப்படியானால் அந்தமான் என்ற பெயரை அவர் எழுதினாரா? எழுதினார்! அதுவும் தவளையைப் பற்றிப் பேசும்போதே எழுதினார்.

அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூல் 1859இல் வந்தது. இங்கே கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியது 1858 மார்ச். இரண்டு வருடம்கூட இடைவெளி இல்லை. அந்த நூலில் டார்வின் ஒரு விசித்திரத்தைச் சுட்டுகிறார். கடல் நடுவே இருக்கும் தீவுகளில் பறவை இருக்கிறது, வௌவால் இருக்கிறது, பூச்சி இருக்கிறது. ஆனால் தவளையும் தேரையும் இல்லை. ஏன் இல்லை? அங்கே காடில்லையா? உண்டு. ஈரமில்லையா? உண்டு. கொண்டுபோய் விட்டால் பிழைக்குமா? சில தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள்; பெருகித் தொல்லையே ஆனது. பிறகு ஏன் தானாகப் போய்ச் சேரவில்லை? அவர் சொன்ன பதில் எளிமையானது. தவளையும் அதன் முட்டையும் உப்புநீர் பட்டால் சாகும். கடலைத் தாண்ட அவற்றால் ஆகாது.

இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், நம் வீட்டு அடுக்களை போதும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி மூடி வையுங்கள். காலையில் திறந்தால் என்ன தெரிகிறது? மாங்காய் சுருங்கியிருக்கும், சாறு வெளியே நிற்கும். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. உப்புநீரில் விழுந்த தவளையின் தோல் வழியே அதன் உடம்புத் தண்ணீர் வெளியே போய்விடும். கடல் அதை ஊறுகாய் போட்டுவிடும். நண்டுண்ணித் தவளை என்று ஒன்று மட்டும் உண்டு. நிக்கோபார் பக்கம்கூடப் பதிவாகியிருக்கிறது. சதுப்பு ஓரத்து உப்புத்தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். அது விதிவிலக்கு.

ஆனால் டார்வின் நேர்மையான மனிதர். தன் விதிக்குப் பொருந்தாததை ஒளித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நூலின் பிந்தைய பதிப்பில் இந்த விதிக்கு அடங்காத இடங்களின் பெயரைச் சேர்த்தார். நியூசிலாந்து, நியூ கலிடோனியா, பிறகு அந்தமான் தீவுகள். சாலமன் தீவுகளையும் செஷல்ஸையும் 'ஒருவேளை' என்று போட்டு நிறுத்தினார். நம் பெயருக்கு 'ஒருவேளை' கிடையாது! நாம் அப்போதே உறுதி.

நம் தீவுக்குத் தவளை எப்படி வந்தது? அந்தமான் நடுக்கடலில் எரிமலை துப்பி முளைத்த மேடு அன்று. பாரன் தீவு அப்படிப்பட்டது, அதை விடுங்கள். மற்றவை பெரும்பாலும் பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலையைத் தூக்கியதன் மிச்சம். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தபோது இந்தத் தீவுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பர்மாக் கரையும் இன்றைய தொலைவில் இல்லை. அப்படிப்பட்ட காலங்களில் வந்தவையாக இருக்கலாம்; பின்பு கடல் ஏறியபோது மாட்டிக்கொண்டன. சுற்றிலும் உப்பு. திரும்பிப் போக வழியில்லை. நம்மில் பலருடைய பாட்டன்மாரும் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கேட்டது, கேட்டது.

டார்வின் பெயரைத் தாங்கிய இன்னொரு தவளை இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் உங்களுக்கு நஷ்டம். தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியில், சிலே நாட்டிலும் அர்ஜென்டினாவின் ஓரத்திலும், குளிரும் தூறலுமாகக் கிடக்கும் மிதவெப்பக் காடுகள். பீகிள் பயணத்தில் டார்வின் அங்கே ஒரு சின்னத் தவளையைப் பிடித்தார். 1841இல் பாரிஸ் அறிஞர்கள் இருவர் அதற்கு ரைனோடெர்மா டார்வினி என்று பெயரிட்டார்கள். மூக்கு முனை கூர்த்து நீண்டிருக்கும். தரையில் உதிர்ந்த இலை போலக் கிடக்கும். காடே அதற்குப் பாய். தொட்டால் மல்லாந்து செத்தது போல நடிக்கும்.

அதன் அதிசயம் அதுவன்று. ஈரச் சருகின் மேல் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் காவல் இருக்கும். மூன்று வாரம் போல் ஆனதும், முட்டைக்குள் குஞ்சு அசையத் தொடங்கும் நேரம் பார்த்து, அப்பன் அவற்றை விழுங்கிவிடும்! வயிற்றுக்குள் இல்லை, தொண்டையில் இருக்கும் குரல்பைக்குள். பாடுவதற்கென்று இருந்த பை தொட்டில் ஆகிவிடும். வாரக்கணக்கில் அதற்குள்ளேயே வளர்ந்து, வால் போய், கால் வந்து, ஒருநாள் அப்பன் வாயைத் திறக்க முழுத் தவளைக்குட்டிகளாக வெளியே குதிக்கும். முதலில் பார்த்தவர்கள் இது பெண் என்றே முடிவு கட்டினார்கள். பிள்ளையைச் சுமப்பது வேறு யாராக இருக்கும்? ஸ்பெயின் நாட்டு ஹிமெனெஸ் தெ லா எஸ்பாதா என்பவர்தான் 1872இல் உண்மையைச் சொன்னார்: ஐயா, இது அப்பன்.

தவளை தன் வாயால் கெடும் என்றோமே, அங்கே ஒரு தவளை தன் வாயால் பிள்ளை வளர்க்கிறது! அந்தத் தவளைக்கும் இப்போது நேரம் சரியில்லை. தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் 2023இல் அதன் காடுகளில் ஒன்றுக்குள் நுழைந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தவளைகளைப் படகிலும் காரிலும் விமானத்திலும் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 11 அப்பன்கள் 33 குட்டிகளைப் பெற்றன என்று 2025 தொடக்கத்தில் செய்தி வந்தது. 11 அப்பன்கள் பெற்றன என்று சொல்லும்போது தமிழ் இலக்கணமே கொஞ்சம் தடுமாறுகிறது.

சரி, சிலேயிலிருந்து மவுண்ட் ஹாரியட்டுக்குத் திரும்புவோம். சாத்தம் ஜெட்டியில் படகு ஏறி, பம்பூ ஃப்ளாட்டில் இறங்கி, மலைச்சாலையில் போவோம்.

சில வருஷத்துக்கு முன், ஒரு மழைக்கால இரவில், அனுமதியோடு காட்டுக்குள் போன ஆய்வு மாணவர்கள் இருவரோடு நானும் ஒட்டிக்கொண்டேன். "சார், அட்டை கடிக்கும்" என்றார்கள். "முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்பு கடித்ததை விடவா?" என்றேன். மழை நின்றிருந்தது, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெரிய மரம். அதன் அடியில் பலகை வேர்கள் ஆள் உயரத்துக்குச் சுவர் போல நின்றன. இரண்டு பலகைகள் கூடும் மூலையில் ஒரு பொந்து. வாய் என் இரண்டு கையகலம் இருக்கும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு குனிந்தோம். உள்ளே தண்ணீர், டிகாக்‌ஷன் நிறத்தில். மேலே மக்கிய இலை இரண்டு. கொசுப்புழு சில துள்ளின. தண்ணீருக்கு நாலு விரற்கடை மேலே, பொந்தின் உள்சுவரில், ஊறவைத்த ஜவ்வரிசியை ஒட்டிவைத்தது போல முட்டைகள். அவற்றுக்குப் பக்கத்தில், மரப்பட்டை நிறத்திலேயே, பழுப்பாய் ஒரு தவளை. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

குறுகிய வாய், உள்ளே தண்ணீர், அதற்குள் ஒரு தேரை. குறுந்தொகையில் கேட்டதை நான் அங்கே பார்த்தேன்.

டார்வின் பெயர் கொண்ட நம் தவளை காட்டுத் தரையில் வாழ்கிறது. சருகுக்கடியில் மேய்கிறது. ஆனால் பிள்ளை பெற அதற்குக் குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். மரம் ஏந்தி வைத்திருக்கும் தண்ணீர்தான் வேண்டும். தாஸ் தன் முதல் கட்டுரையின் தலைப்பிலேயே இதன் தலைப்பிரட்டைகள் மரப்பொந்து நீரில் வாழ்பவை என்று குறித்துவிட்டார். அது எப்படி முட்டையிடுகிறது என்பதை அறிய மேலும் கால் நூற்றாண்டு ஆனது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு, இந்தியாவின் தவளை மனிதர் என்று பத்திரிகைகள் எழுதுமே, அவரும், இங்கே நம் ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினரும், ஹார்வர்டு, மினசோட்டா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து மூன்று பருவமழைகளில் 55 இரவுகள் காத்திருந்தார்கள். 2024 கடைசியில் ஹார்வர்டு அருங்காட்சியகத்தின் ப்ரெவியோரா இதழில் எழுதினார்கள். 55 இரவுகள்! நமக்கு ஒரு இரவு கரண்ட் போனால் என்ன பாடு படுகிறோம்?

அவர்கள் என்ன கண்டார்கள்? தவளைக் குடும்பத்தில் இதுவரை யாரும் கண்டிராத ஒன்றைக் கண்டார்கள். ஆணும் பெண்ணும் தண்ணீரை விட்டு முழுவதுமாக வெளியே வந்து, பொந்தின் உள்சுவரில் செங்குத்தாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இணைகின்றன, அப்படியே முட்டையிடுகின்றன. முட்டை சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பொரிந்ததும் தலைப்பிரட்டை கீழே நழுவிப் பொத்தென்று தண்ணீரில் விழுகிறது. மாடியில் பிறந்து கீழ்வீட்டில் குடியேறுவது போல.

ஏன் தலைகீழ்? சும்மா தண்ணீரில் உட்கார்ந்து முட்டையிட்டால் ஆகாதா? ஆகாது, ஏனென்றால் பொந்து குறைவு, ஆண் அதிகம். ஒரு பொந்துக்குப் பல ஆண்கள் போட்டி. இந்தத் தவளையில் ஆண் மூன்று விதக் குரலில் கத்துகிறது. கத்தியும் ஜோடி கிடைக்காதவன் சும்மா இருப்பானா? உதைக்கிறான், குத்துகிறான், கடிக்கிறான். ஜோடி சேர்ந்த இருவருக்கும் நடுவே தலையை நுழைத்துப் பிரிக்கப் பார்க்கிறான். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இடம் பிடிக்கும் கூட்டம் பார்த்திருக்கிறீர்களே, அதைவிட மோசம். அந்தத் தள்ளுமுள்ளுக்கு நடுவே பிடுங்கி எறியப்படாமல் இருக்கத்தான் இந்தத் தொங்கல் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வழுக்குச் சுவரில் தலைகீழாகத் தொங்கும் ஜோடிக்கு நடுவே நுழைய எதிரிக்குக் கால் ஊன்ற இடமில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சண்டை எதற்காக? ஒரு சொம்புத் தண்ணீருக்காக. நல்ல தண்ணீர். உப்பில்லாத தண்ணீர். இந்தத் தீவில் வருஷத்துக்கு மூன்று மீட்டர் உயரத்துக்கு மழை பெய்கிறது. ஆனாலும் ஏப்ரல் வந்தால் தனிக்காரி அணையில் தரை தெரிகிறது. நகராட்சிக் குழாயில் நாள்விட்டு நாள், அதற்கும் மேலே நாள்விட்டுத் தண்ணீர். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நாம் போடாத சண்டையா? தெருவில் அன்று நம் குரல் எத்தனை விதம் என்று யாராவது எண்ணிப் பார்த்திருந்தால் தவளை தோற்றிருக்கும். 2004 சுனாமி முடிந்து சிப்பிகாட் பக்கம் நிலம் தாழ்ந்து, வயலில் கடல் வந்து நின்றதே, அன்று நல்ல தண்ணீரின் அருமை விவசாயிக்கும் தெரிந்தது, தவளைக்கும் தெரிந்திருக்கும்.

இதனால்தான் சொல்கிறேன், கிணற்றுத் தவளை என்பது எனக்கு வசையாகத் தெரியவில்லை. உப்புக்கடல் நடுவே தன் பிள்ளைக்கு வேண்டிய ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது சின்ன அறிவா?

அந்தக் கிணற்றை வெட்டுவது யார்? மரம்தான் வெட்டுகிறது, ஆனால் அவசரமாக வெட்டுவதில்லை. கிளை முறிய வேண்டும், பட்டை அழுக வேண்டும், பலகை வேர் அகல வேண்டும், மூலையில் மழை தேங்கி மக்க வேண்டும். இளமரத்தில் இது கிடையாது. பாட்டன் மரத்தில்தான் பொந்து. சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கியது. படாக், கர்ஜன் என்று பெரியவை பெரியவையாகப் பார்த்து அங்கே அறுத்தார்கள். அதில் உழைத்த குடும்பங்கள் இந்த அரங்கில் இருக்கின்றன. அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. சேகர் சிங் ஆணைய அறிக்கைக்குப் பிறகு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. நட்ட கன்று மரமாகிவிடும். பொந்தாவதற்கு நம் பேரன் காலமும் போதாது.

பொந்து கிடைக்காத தவளை என்ன செய்கிறது? இதையும் அந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காட்டோரத்தில் நாம் எறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரம், தகர டப்பா, நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் செடிப்பை, எங்கெல்லாம் மழை தேங்கியதோ அங்கெல்லாம் முட்டையிடுகிறது.

ஒரு தொல்லையை நம் கையாலேயே கொண்டுவந்தும் விட்டோம். மெயின்லேண்டில் முதல் மழைக்கு வயலில் மஞ்சள் பூசிக்கொண்டு நீலக் குரல்பையோடு கத்துமே பெரிய தவளை, புல்ஃப்ராக் என்பார்கள். அதன் காலை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிக் காசு பார்த்தோம். 1987இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அங்கே அது வயலுக்கு நண்பன். இங்கே அது அந்நியன். 2000க்குப் பிறகு, குளத்துக்கு மீன்குஞ்சு வாங்கி வந்த பையில் அதன் தலைப்பிரட்டையும் சேர்ந்து வந்தது. நித்ய பிரகாஷ் மொகந்தி, ஜான் மீஸி என்ற ஆய்வாளர்கள் ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். அந்தமானில் ஆள் வாழும் 8 தீவுகளில் 6இல் அது பரவிவிட்டது. கோழிக்குஞ்சைக்கூட விழுங்குகிறது என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அதன் தலைப்பிரட்டையோடு நம் தீவுத் தலைப்பிரட்டைகளை ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். நம்மூர்க் குஞ்சு ஒன்றும் மிஞ்சவில்லை. கடலைத் தாண்ட முடியாது என்று டார்வின் சொன்னார்; பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் பிடித்து அனுப்புவார்கள் என்று அவர் எப்படி நினைத்திருப்பார்?

தெரியாமலே எதையெல்லாம் இழப்போம் என்பதற்கு ஒரு சான்று. 2016இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர். சந்திரமௌலியும் நண்பர்களும் இந்தத் தீவுக் காட்டில் ஒரு தேரையை அறிவித்தார்கள். இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே. பேரினத்துக்கு எட்வர்டு பிளைத் பெயர். கல்கத்தாவில் இருந்துகொண்டு டார்வினுக்குக் கடிதம் எழுதிய, அந்தமான் விலங்குகளைப் பற்றியும் எழுதிய அந்த பிளைத்தான். இனத்துக்கு பெர்யெட். அது அந்தமான் பழங்குடி மொழிச் சொல். சிறு தவளை என்று பொருள். நாம் 2016இல் கண்டுபிடித்தோம் என்று கைதட்டினோம். அவர்கள் மொழியில் அதற்கு எப்போதோ சொல் இருந்திருக்கிறது.

முடிக்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்குச் சங்கடமான ஒன்று.

மழைக்காலம் வந்தால் ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடப் பிரேயரில் நான் என்ன சொல்வேன் என்று பின்வரிசையில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்குத் தெரியும். "வீட்டைச் சுற்றி டப்பா, சிரட்டை, டயர் எதிலும் தண்ணீர் தேங்கக் கூடாது, கவிழ்த்துப் போடு, டெங்கு வரும்." முப்பது வருஷம் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகும் தெருக்காரர்களோடு சாக்கை எடுத்துக்கொண்டு குப்பை பொறுக்கப் போவேன். போன வருஷம் அப்படிக் காட்டோரச் சாலை வளைவில் ஒரு பழைய பெயின்ட் டப்பா கிடந்தது. மூடி இல்லை. பாதிக்கு மேல் மழைத்தண்ணீர். பழக்கத்தில் கவிழ்க்கப் போனேன். உள்பக்கம் பார்த்தேன். துருவுக்கும் காய்ந்த பச்சைப் பெயின்டுக்கும் நடுவே, தண்ணீருக்கு மேலே, ஜவ்வரிசி.

கையில் சாக்கு. பக்கத்தில் நாலு பேர். "என்ன சார், பாம்பா?" என்றார்கள். "இல்லை, இது இருக்கட்டும்" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே சாயாமல் வைத்து, ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். குப்பை பொறுக்கப் போனவன் குப்பையைக் காவல் வைத்துவிட்டு வந்ததைப் பற்றி அன்று தெருவெல்லாம் பேச்சு.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அந்த வளைவைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். நன்றாகவே பெருக்கியிருந்தார்கள். டப்பா இல்லை. நான் வைத்த கல் இருந்தது. அதன் பக்கத்தில் ஈர மண்ணில் டப்பாவின் அடிப்பாகம் பதிந்த வட்டம் ஒன்று, அதில் காலை மழையின் தண்ணீர் விரற்கடை ஆழத்துக்கு நின்றது.